பாப்பாத்தி கோத்த ரத்தக்குழாய்

மைசூரில் ஒரு மருத்துவக் கல்லூரி. பெயர் வேண்டாம், சொன்னால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். அதன் மருந்தியல் துறையில் பெருக்கித் துடைக்கிறவள் பாப்பாத்தி. 1989இல் தினக்கூலியாகச் சேர்ந்தவள், எட்டு வருஷம் கழித்தும் தினக்கூலிதான். தினக்கூலி என்றால் என்ன என்று மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு நாள் காலையில் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தி, நாளையிலிருந்து வராதே என்றால் கதை முடிந்தது. ஏன் என்று கேட்க நாதி கிடையாது.

சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே பட்டு நூல் எடுக்கிற கொட்டகையில் வேலை செய்தாள். வெந்நீர்த் தொட்டியில் பட்டுக்கூடுகள் மிதக்கும். அதற்குள் கையை விட்டு, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நூல் முனையைப் பிடித்து, எட்டுக் கூட்டு நூலை ஒன்றாக்கி ராட்டையில் ஏற்ற வேண்டும். நூல் அறுந்தால் முதலாளி வாயில் வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. ஆறு வருஷம் அந்த வசவு வாங்காமல் காலம் தள்ளியிருக்கிறாள் என்றால் அது எப்பேர்ப்பட்ட கை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கருப்புசாமி என்ற கொத்தனாரைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தாள். இதே கல்லூரிக்குப் புதுக்கட்டடம் எழும்பியபோது அவன் சுவர் வைத்தான், இவள் கலவை சுமந்தாள். வேலை முடிந்ததும் அவன் அடுத்த கட்டடத்துக்குப் போனான். இவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இதற்குள்ளேயே தங்கிவிட்டாள். 1992இல் அவன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போயிற்று. நடமாடுவான், பாரம் தூக்க முடியாது. அன்றிலிருந்து இரண்டு பிள்ளைகளும் அவனுமாகக் குடும்பம் மொத்தமும் இவள் தலையில். அதனால்தான் பாப்பாத்திக்கு அந்த ஒரு வார்த்தையின் மேல் அத்தனை ஆசை. பர்மனெண்ட்.

இனி மிஷின் விஷயத்துக்கு வருவோம். 1993இல் டென்மார்க்கிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. திறந்தால் உள்ளே மெத்தை மெத்தையாகப் பஞ்சு, நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு எஃகுக் கிண்ணம். அதன் பெயர் மயோகிராஃப். நம் உடம்பில் ரத்த அழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் பெரிய குழாய்களின் கையில் இல்லையாம். கண்ணுக்கு அகப்படாத சின்னஞ்சிறு குழாய்கள் சுருங்கினால் ஏறும், விரிந்தால் இறங்கும். அந்தச் சின்னக் குழாய் ஒன்றை எலியின் குடலோரத்திலிருந்து எடுத்து, இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, அதன் துவாரத்துக்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் இரண்டைச் செலுத்தி, கிண்ணத்துக்குள் இருக்கிற இரண்டு தாடைகளில் முடுக்கிவிட வேண்டும். மேலே உடம்புச் சூட்டில் உப்புக்கரைசல். அதில் ஒரு சொட்டு மருந்து விட்டால் குழாய் சுருங்கி இழுக்கும், அந்த இழுப்பைப் பக்கத்தில் ஒரு பேனா தாளில் கோடாகப் போடும். கோடு தானாக வரும். கம்பி தானாக நுழையாது.

துறைத் தலைவர் டாக்டர் விஜய்குமார், மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், மேடையில் இங்கிலீஷ். மிஷினைப் பழகி வரட்டும் என்று கல்லூரி அவரை ஒரு மாதம் டென்மார்க்குக்கு அனுப்பியது. திரும்பி வந்தவரிடம் இரண்டு ஆல்பம் நிறைய ஃபோட்டோ இருந்தது, எல்லாருக்கும் சாக்லேட் இருந்தது. கம்பி நுழைக்கிற வித்தை மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. ஒரே ஒரு நாள் நாலு பேர் பார்க்க உட்கார்ந்து பார்த்தார். கம்பி வளைந்தது, குழாய் கிழிந்தது, இந்த ஊர் கரண்டே சரியில்லை என்று எழுந்துவிட்டார். மறுநாள் மிஷின் மேல் வெல்வெட் துணி போர்த்தி, அறையைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். கதவுக்குப் பக்கத்தில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஒரு போர்டு மாட்டினார்: மருத்துவப் பட்டம் இல்லாதவர் கருவியைத் தொடக் கூடாது. அந்தப் போர்டைத் தினமும் துடைப்பது பாப்பாத்தியின் வேலை.

1994இல் சேலத்திலிருந்து சுரேந்தர் என்ற பையன் எம்.டி. படிக்க வந்து சேர்ந்தார். வெல்வெட் துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நிர்வாகம் அப்போதுதான் கேட்க ஆரம்பித்திருந்தது. ஆகவே தலைவர் கொஞ்சமும் யோசிக்காமல் மிஷினைத் தூக்கிச் சுரேந்தர் தலையில் கட்டிவிட்டார். பாவம் அந்தப் பிள்ளை. மூன்று மாதம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். எலிகள் போய்க்கொண்டே இருந்தன, ஒரு குழாய்கூட ஏறவில்லை. அப்படியே ஏறினாலும் கம்பி உள்சுவரில் லேசாக உரசியிருக்கும். உரசிய குழாய் சுருங்குமே தவிர, விரிக்கிற மருந்துக்கு மசியாது. விரியாத குழாயை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியாது.

ஒரு நாள் காலையில் பாப்பாத்தி தரை துடைக்க வந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, இது பட்டு நூலா என்று விசாரித்தாள். பேசவாவது ஒரு ஆள் கிடைத்ததே என்று சுரேந்தர் முழுக் கதையையும் சொல்லி, மைக்ராஸ்கோப்பிலும் காட்டினார். அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் கவனித்தவள் மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க கம்பியத் தள்றீங்க சார். கம்பி ஆடாம நிக்கோணும். கொழாயத்தான் அது மேல இழுத்து உடோணுங்க. வளையல் போடறப்போ கைய ஆட்டாம வெச்சுக்கறமில்லீங்களா, அதாட்டந்தான்."

சுரேந்தர் போர்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பாப்பாத்தி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரத்தில் இரண்டு கம்பியும் உள்ளே போய்விட்டன. மருந்து விட்டதும் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது. அடுத்த மருந்துக்கு அப்படியே வழிந்து இறங்கியது. உள்சுவரில் ஒரு கீறல் இல்லை. சுரேந்தர் வாய்விட்டுச் சிரித்தார், அப்புறம் ஐயோ இதைத் தலைவரிடம் எப்படிச் சொல்வது என்று பயந்தார்.

அங்கே ஒரு பதிவேடு உண்டு. யார் மிஷினைத் தொட்டார்கள், யார் குழாயை ஏற்றினார்கள் என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் சுரேந்தர் நேரே தலைவரிடம் போய் உண்மையைச் சொன்னார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பதிவேட்டை வாங்கித் தன் பெயரை எழுதினார். பாப்பாத்தியைக் கூப்பிட்டு, இந்த விஷயம் வெளியே போகக் கூடாது என்றார். சொல்ப, அதாவது கொஞ்சம், பொறுத்துக்கொண்டால், அடுத்த தசராவுக்குள் நிர்வாகத்தில் பேசி அவளை இதே அறைக்கு டெக்னீஷியனாகப் போட்டு பர்மனெண்ட் ஆக்கிவிடுவதாகவும் சொன்னார். அவள் கும்பிட்டாள்.

அன்றிலிருந்து விடிந்தும் விடியாமல் வருவாள். எட்டு மணிக்குள் அன்றைய குழாய்களை ஏற்றி வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொள்வாள். அதற்கப்புறம் வருகிறவர்களுக்கு அவள் பெருக்குகிறவள் மட்டும்தான். சுரேந்தர் பட்டம் வாங்கி அதே துறையில் ஆசிரியராகவும் ஆகிவிட்டார். தலைவரின் கட்டுரைகள் ஒன்றன் பின் ஒன்றாக வெளிவந்தன. அவற்றில் ஒன்றில் வெள்ளைக் கையுறை மாட்டிய ஒரு கை குழாயைக் கம்பியில் ஏற்றுகிற ஃபோட்டோகூட உண்டு, கீழே தலைவரின் பெயர். உறைக்குள் யார் கை என்று யார் கண்டது. தலைவர் ஒரு வாரம் டெல்லிக்குப் போயிருந்த நாட்களில்கூட மைசூரில் அவர் தினம் நாலு குழாய் ஏற்றியதாகப் பதிவேடு சொல்லும். ரிஷிகளுக்குக்கூட அவ்வளவு சுலபமாக வாய்க்காது.

இரண்டு தசரா வந்து போனது. கேட்கும்போதெல்லாம் தலைவர் ஃபைல் நகர்கிறது என்றார். பாப்பாத்திக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. துளியூண்டு குழாய் செத்த உடம்பிலிருந்து வந்த பிறகும் தன் கைக்குள் சுருங்கி விரிவதைப் பார்க்கும்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். வீட்டில் போய்ச் சொன்னால் கருப்புசாமி, எலிக் குடலை நோண்டுகிறவளுக்கு ஆலத்தி எடுக்கவா என்று கிண்டல் செய்வான். செய்தாலும் மறுநாள் விடியற்காலையில் எழுப்பி விடுவது அவன்தான்.

1997இல் மிஷின் பிறந்த ஊரிலிருந்து யென்ஸ் என்ற விஞ்ஞானி கடிதம் எழுதினார். உங்கள் கட்டுரைகளைப் படித்தேன், பத்துக் குழாயில் ஒன்பது உங்களிடம் பிழைக்கிறது, எங்களுக்கே ஆறுதான் தேறுகிறது, பெங்களூருக்கு வருகிறேன், அப்படியே உங்கள் கையையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று எழுதியிருந்தார். தலைவர் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். இரண்டாம் நாள்தான் கடைசி வரி உறைத்தது. ஆனால் அவர் சாதாரண ஆள் இல்லை. காலண்டரைப் பார்த்து, விருந்தாளிக்கு ஆயுத பூஜை அன்றைக்கு நாள் கொடுத்தார்.

மூளை என்றால் மூளை. அன்றைக்கு மைசூரில் சைக்கிளிலிருந்து கிரேன் வரைக்கும் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். யென்ஸ் வந்தபோது மயோகிராஃபுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். தலைவரே தன் கையால் தாராளமாகச் சந்தனம் அப்பியிருந்தார். விருந்தாளிக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்து, பூஜை போட்ட கருவியை மறுபூஜைக்கு முன்னால் தொடுவது எங்கள் வழக்கத்தில் கிடையாது, என் மனது துடிக்கிறது, ஆனால் என்ன செய்வது என்று இங்கிலீஷில் உருகினார். யென்ஸ் நல்ல மனிதர். கையைக் கூப்பிக் கருவியைக் கும்பிட்டார். மறுபூஜை எப்போது என்று மட்டும் கேட்டார். நாளைக் காலையில் என்று சுரேந்தர் பளிச்சென்று சொல்லிவிட்டார். தசரா ஊர்வலம் பார்க்க நாளைக்கும் இங்கேதான் இருக்கப்போகிறேன், பத்து மணிக்கு வந்துவிடுகிறேன் என்றார் யென்ஸ். தலைவர் சுரேந்தரைப் பார்த்த பார்வையில் சுண்டல் அவருக்குத் தொண்டையில் நின்றுவிட்டது.

அவசரமாகத் திட்டம் போட்டார்கள். பாப்பாத்தி விடிந்ததும் வந்து குழாயை ஏற்றிவிட்டு ஒன்பதுக்குள் கிளம்பிவிட வேண்டும். பத்துக்கு யென்ஸ் வரும்போது தலைவர், இப்போதுதான் ஏற்றி முடித்தேன் என்று நெற்றியைத் துடைத்துக்கொள்வார். இந்த ஒரு தடவை மானத்தைக் காப்பாற்றினால் வேலை உத்தரவு உன் கையில் என்று அவளிடம் சொன்னார்.

விஜயதசமி காலையில் அவள் கற்பூரம் காட்டிவிட்டு மாலையை எடுத்தாள். தாடையை நகர்த்துகிற நுணுக்கத் திருகாணி அசைய மறுத்தது. சந்தனம் இறுகிச் சிமெண்டு மாதிரி பிடித்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து வைத்துச் சுரண்டி எடுக்கவே அரை மணி போய்விட்டது. அப்புறம்தான் சுரேந்தர் பக்கத்து அறையிலிருந்து குழாயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கரைசல் கலக்கப் போனார். அவள் முதல் கம்பியை ஏற்றி, இரண்டாவது கம்பியைக் கிடுக்கியில் பிடித்தாள். யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

யென்ஸ் நின்றுகொண்டிருந்தார். ஊர்வலக் கூட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று விருந்தினர் விடுதியிலிருந்து கிளம்பியவர், விளக்கு எரிவதைப் பார்த்து உள்ளே வந்துவிட்டார். பாப்பாத்தி தலையை நிமிர்த்தினாள். அவர் நிறுத்தாதே என்று ஜாடை காட்டினார். நிறுத்தினால் குழாய் போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் மறுபடி குனிந்தாள். கம்பி அசையாமல் நிற்க, குழாய் வழுக்கிக்கொண்டு அதன் மேல் வந்து உட்கார்ந்தது. சுரேந்தர் கரைசலோடு வந்து வாயைத் திறந்தவர் மூடாமல் நின்றார். கிண்ணத்தைச் சூடாக்கி, குழாய் ஓய்வெடுத்த பிறகு மருந்து விட்டார்கள். கோடு ஏறியது, இறங்கியது. யென்ஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு, அந்தக் கோட்டைக் குழந்தை முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஒன்பதுக்குத் தலைவர் பட்டுச் சட்டையில் வந்தார். யென்ஸ் எழுந்து, இந்த அம்மா யார், இவர் எங்கே கற்றார் என்று கேட்டார். பாப்பாத்திக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என்ன கேட்கிறார் என்பது தெரியாமல் போகுமா. அவள் தலைவரின் வாயையே பார்த்தாள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மூன்று வருஷமாகத் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

தலைவர் ஒரு விநாடி தடுமாறினார். அடுத்த விநாடி சிரித்தார். இவர் எங்கள் துப்புரவுப் பெண், நான் கண்டுபிடித்த முறை அவ்வளவு எளிது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஸ்வீப்பருக்கே சில வாரங்களில் சொல்லிக் கொடுத்துவிட்டேன், எந்த ஸ்வீப்பரைக் கொடுத்தாலும் பழக்கிவிடுவேன் என்று அடித்து விட்டார். அத்தனையிலும் பாப்பாத்திக்குப் புரிந்தது ஸ்வீப்பர் என்ற சொல் ஒன்றுதான். அவள் பெயர் அதில் வரவே இல்லை. அவள் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் என்பது தெரிந்த சுரேந்தர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெரிந்தவர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை. அவருக்கும் அங்கே வேலை நிலைக்க வேண்டுமே.

யென்ஸ் ஊருக்குப் போய் நிர்வாகத்துக்கு நீளமாகக் கடிதம் எழுதினார். படிக்காதவருக்கும் இந்த நுட்பத்தைக் கற்றுக்கொடுக்கும் ஒப்பற்ற ஆசிரியர் என்று தலைவரைப் புகழ்ந்துவிட்டு, அந்தப் பெண்மணியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள் என்று முடித்திருந்தார். வெளிநாட்டுக் கடிதம் அல்லவா. தலைவரைக் கூப்பிட்டு விவரம் எழுதித் தரச் சொன்னார்கள். அவர் யென்ஸிடம் அளந்ததையே இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்குச் சால்வை போட்டார்கள். பாப்பாத்தியைப் பர்மனெண்ட் ஆக்கச் சொல்லி ஆபீசுக்கு உத்தரவு போனது.

ஆபீஸ் சூப்பிரண்டு பசவராஜ் விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற ஆள். டெக்னீஷியனுக்குப் பத்தாவது பாஸ் வேண்டும், இந்தம்மா ஐந்தாவது. ஆகவே பர்மனெண்ட் ஸ்வீப்பர். பர்மனெண்ட் ஸ்வீப்பர்களைக் காலியிடம் பார்த்துத்தான் போட வேண்டும். மகளிர் விடுதியில் ஒரு இடம் காலி. 1998 ஏப்ரலில் உத்தரவு அவள் கைக்கு வந்தது. இங்கிலீஷில் இருந்த முதல் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டு அழுதுவிட்டாள், கருப்புசாமிக்கு ஃபோன் போடச் சொல்லி எதிர்க்கடைக்கு ஓடினாள். இரண்டாம் பக்கத்தில் விடுதி என்று இருந்தது அன்று சாயங்காலம்தான் அவளுக்குத் தெரிந்தது.

தலைவர் பதறியடித்து ஆபீசுக்குப் போனார். பசவராஜ் அந்த இரண்டு பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்து, எந்த ஸ்வீப்பரைக் கொடுத்தாலும் பழக்கிவிடுவேன் என்ற வரியைச் சுட்டிக்காட்டினார். லிங்கம்மா என்று ஒரு ஸ்வீப்பரை அனுப்புகிறேன், பழக்கிக்கொள்ளுங்கள் என்றார். அவர் முகத்தில் நக்கலே இல்லை, அதுதான் கொடுமை. எனக்கு அந்த வேலை வராது, அவளுக்குத்தான் வரும் என்று தலைவர் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் உத்தரவு அன்றைக்கே மாறியிருக்கும். அவர் சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

லிங்கம்மாவுக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி, வலது கண்ணில் புரை. முதல் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுக் கம்பி எங்கே என்று கேட்டாள். ஒரு வாரம் கழித்தும் அதையேதான் கேட்டாள். சுரேந்தருக்கு மாதத்தில் ஒரு குழாய் ஏறினால் பெரிசு. பதிவேட்டில் கருவி பராமரிப்பில் உள்ளது என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து யென்ஸிடமிருந்து இன்னொரு கடிதம். ஒப்பற்ற ஆசிரியரிடம் பயிற்சி பெற ஜூலையில் மூன்று பேரை அனுப்புகிறாராம்.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் டாக்டர் விஜய்குமார் மகளிர் விடுதியின் பின்வாசலுக்கு வந்தார். பாப்பாத்தி வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ பாப்பாத்தி. முன்ன மாதிரியே காலையில ஒரு மணி நேரம் வந்துட்டுப் போ, யாருக்கும் தெரிய வேணாம். நீ இல்லாம அந்த மிஷின் ஓடாது. என் கைக்கு அது வரல. எப்பவுமே வந்ததில்ல, அது எனக்குத் தெரியும்."

இந்த வார்த்தையைக் கேட்க மாட்டோமா என்று பாப்பாத்தி எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். இந்த இரண்டு மாதமும் ஃபினைல் வாளியில் கையை விடும்போதெல்லாம் அவளுக்குக் கம்பி ஞாபகம்தான். போகக் கூடாது என்று அவளுக்கு வீம்பு ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்றே இருந்தது. வாளியைக் கீழே வைத்தாள்.

"இத அன்னைக்கு அந்த வெள்ளக்காரருகிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே சார்."

"இப்பத்தான் சொல்லிட்டேனே."

"இங்க கேக்கறதுக்கு ஆருமில்லீங்களே சார்."

மாடிப்படியில் மாணவிகள் நாலு பேர் பேசிக்கொண்டே இறங்கி வந்தார்கள். பாப்பாத்தி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். டாக்டர் அவர்களைப் பார்த்ததும் தொண்டையைச் செருமி, மூலை முடுக்கெல்லாம் சுத்தமாக் கழுவும்மா என்று உரக்கச் சொன்னார். அவள் வாளியை எடுத்துத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். டாக்டர் ஷூ நனையாமல் இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.